தாய் இருக்கும்போது பிடித்த விரதம்

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், சாதாரண தர (ஓ எல்) பரீட்சைக்குத் தோற்றவிருந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பப் படிவங்களைத் தந்தார்கள். படிவத்தோடு பிறப்புச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும் என்று வகுப்பாசிரியை சொன்னார். மற்றப் பிள்ளைகள் அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். என் வீட்டில் மட்டும், "அத நானே ரீச்சரிட்டக் கொண்டு குடுக்கிறன், நீ எங்கயும் துலைச்சிப் போட்டிருவாய்" என்று அம்மா சொன்னார். எனக்கு அதில் ஐயப்பட எதுவும் இருக்கவில்லை. வீட்டின் முக்கியமான கடதாசிகள் எல்லாம் றங்குப்பெட்டியின் அடியில், ஒரு பழைய பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தன. அந்தப் பெட்டியின் திறப்பு எப்போதும் அம்மாவின் தாலிக்கொடியில்தான் தொங்கியது.

சொன்னபடியே அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். நான்கைந்து நாள் கழித்துப் பாடசாலை விட்டு எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது, ஆசிரியை என்னை மறித்துப் படிவத்தையும் சான்றிதழையும் என் கையில் தந்தார். "மகள், நீங்க பேருக்கு முன்னால எழுதுற எழுத்து பிறப்புப் பத்திரத்தில உள்ளதோட பொருந்தல்ல. வீட்ட கேட்டுத் திருத்திக் கொண்டு வாங்க" என்றார். அவர் அந்த ஆண்டுதான் வேறோர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மட்டக்களப்பு மாவட்டத்தில் எங்கள் ஊரான களுதாவளையில் பிறந்து வளர்ந்த எந்த ஆசிரியையும் அந்தக் கடதாசியை என் கையில் தந்திருக்க மாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

பாடசாலைக் கிணற்றடியில் நின்று அதை விரித்தேன். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் நைந்துபோயிருந்த நீண்ட தாள். பூச்சி உருண்டையின் மணம் இன்னும் அதில் இருந்தது. மூன்று மொழிகளில் அச்சிட்ட கூடுகளுக்குள் நீல மையால் யாரோ அவசரமில்லாமல் அழகாக எழுதியிருந்தார்கள். பிறந்த திகதி என்னுடையது. பெயர் என்னுடையது. தகப்பனாரின் முழுப்பெயர் என்ற கூட்டில் நான் ஒருநாளும் கேள்விப்படாத ஓர் ஆணின் பெயர் இருந்தது. தாயின் முழுப்பெயர் என்ற கூட்டில் என் பெரியம்மாவின் பெயர் இருந்தது. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியிருந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, பதிவாளர் அக்காவையும் தங்கையையும் மாற்றி எழுதிவிட்டார் என்பதுதான். அந்த எண்ணத்தோடு சற்று நேரம் நின்றேன். ஆனால் தகப்பனாரின் பெயரை எதனோடும் மாற்றிப் பார்க்க முடியவில்லை.

பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன், 2004 டிசெம்பர் 26, பௌர்ணமியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்த அந்தக் காலையில், நாவலடியில் இருந்த அவருடைய வீட்டோடு கடல் அவரையும் கொண்டுபோயிருந்தது. நாவலடியைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தின் நிலையைச் சொல்லத் தேவையில்லை: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே ஒடுக்கமான மணல்திட்டு, ஓடி ஏறுவதற்கு மேடு என்று ஒன்று கிடையாது. பெரியம்மாவின் உடல் மூன்றாம் நாள் வாவிப் பக்கமாகக் கிடைத்தது. அப்பா போய் அடையாளம் காட்டி, அன்று மாலையே அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார். சிறுபிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று என்னையும் தம்பியையும் வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது.

சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் தாளை விரித்துப் பிடித்தேன். அவர் கையை நீரில் அலம்பிச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, தாளைத் தொடாமலே பார்த்தார். "ரீச்சர் உன்னிட்டயா தந்தவ?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். "இது பொய்" என்று சொல்லுவார், அல்லது அழுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கேள்வியில் எல்லாமே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. தாள் என் கைக்கு வந்ததுதான் பிழை, தாளில் இருப்பது பிழையில்லை என்று அதற்குப் பொருள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீன் அப்படியே சட்டியில் கிடந்து, மாலையில் அம்மம்மாதான் அதை எடுத்துச் சமைத்தார்.

கதையை எனக்குச் சொன்னதும் அம்மம்மாதான். வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு, பாக்கு வெட்டிக்கொண்டே, மூன்று இரவுகளில், தொடர்ச்சியில்லாமல் சொன்னார். நான் இங்கே அதை ஒழுங்குபடுத்தித்தான் எழுதுகிறேன்.

என்னைப் பெற்ற தகப்பன் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்தவர். நான் 1990 மே மாதம் பிறந்தேன். அடுத்த மாதம் போர் மறுபடியும் தொடங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதி மட்டக்களப்புக்கு எப்படிப்பட்ட காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களிடையே இருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டதும், நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலையும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. அப்படி எந்த நாளோடும் எந்தத் தொகையோடும் சேராமல், தனித்தனியாகப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர் அப்படிப் போனவர். சம்பளம் எடுத்துவரப் பட்டினத்துக்குச் சைக்கிளில் போனார், திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. பெரியம்மா நான்கு மாதக் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு இராணுவ முகாம் வாசல்களில் நின்றாராம். நின்று நின்று, ஒரு கட்டத்தில் அவருக்குப் பால் வற்றிப்போயிற்று என்று அம்மம்மா சொன்னார்.

1991இல் பெரியம்மா வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனார். என்னைத் தங்கையிடம் விட்டுப்போனார். தங்கை அப்போது கலியாணம் முடித்து ஓர் ஆண்டு, பிள்ளை கிடைத்திருக்கவில்லை. எங்கள் பகுதியில் மூத்த மகளுக்குத்தான் தாயின் வீடு சீதனமாகப் போகும். ஆகவே நாங்கள் இருந்த வீடு சட்டப்படி பெரியம்மாவுடையது. அவருடைய வீட்டிலேயே, அவருடைய பிள்ளையாக, வேறொருவரை அம்மா என்று அழைத்து நான் வளர்ந்தேன். நாலு ஆண்டுகள் கழித்து 1995இல் அவர் திரும்பி வந்தார். எனக்கு ஐந்து வயது. வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாராம். நான் கூக்குரலிட்டுக்கொண்டு ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேனாம். கூப்பிட்டும் வரவில்லை, கொண்டுவந்த பொம்மையைக் காட்டியும் வரவில்லை. பெரியம்மா பகல் முழுவதும் திண்ணையில் இருந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு, "இப்பிடியே இரிக்கட்டும். ஓ எல் எழுதி முடியட்டும், நானே சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்.

அதற்குப் பிறகு அந்த வளவில் அவரால் இருக்க முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தால் என்றாவது வாய் தவறிவிடும் என்று பயந்தார். சேர்த்துக்கொண்டு வந்த காசில் நாவலடியில் ஒரு துண்டுக் காணி வாங்கி, இரண்டு அறையில் ஒரு வீடு கட்டி, தையல் மெசின் ஒன்றைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தார்.

ஆகவே நான் அறிந்த பெரியம்மா, மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு பெண். நெற்றியில் எப்போதும் பொட்டு இருக்கும். கணவன் இறந்தார் என்று எவரும் உறுதி சொல்லாதபோது பொட்டை எப்படி அழிப்பது? அதை எவரும் எனக்கு விளக்கவில்லை. "பெரியப்பா தூரத்தில" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆண்டு முடிவில் அரசாங்கம் இலவசமாகத் தரும் சீருடைத் துணியை எடுத்து எனக்கு அவர்தான் தைத்துத் தருவார். அளவு எடுக்க என்னை நேராக நிற்கச் சொல்லுவார். தோளிலிருந்து முழங்கால் வரை நாடாவை இறக்கி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதுவார். முதல் ஆண்டிலிருந்து எல்லா அளவும் அந்த ஒரே கொப்பியில்தான் இருந்தன. எழுதி முடித்தும் கொஞ்ச நேரம் நாடாவை எடுக்க மாட்டார். எனக்கு நின்று கால் வலிக்கும். "ரெண்டு விரல் விட்டுத் தைக்கிறன், வளர்ற பிள்ளை" என்று ஒவ்வோர் ஆண்டும் அதையே சொல்லுவார்.

2004 டிசெம்பரிலும் அளவு எடுக்க வந்தார். இந்த முறை லீவுக்கு நாவலடிக்கு வந்து ஒரு கிழமை நில் என்று கேட்டார். எனக்கு விருப்பமில்லை. அங்கே கூட விளையாட ஆள் இல்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னேன். "சரி, அடுத்த லீவுக்கு வா" என்று துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் போயிருந்தால் இன்று இதை எழுத இருந்திருக்க மாட்டேன் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அது சரிதான். என்றாலும் அந்த முகச்சுளிப்பைத்தான் கடைசியாக அவருக்குக் கொடுத்தேன் என்பது மாறாது.

சான்றிதழைப் பார்த்த பிறகு என்னை வாட்டியது, தாய் வேறு என்ற செய்தி அல்ல என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான். மூலைக் கடைக்காரருக்குத் தெரியும். கோயில் ஐயருக்குத் தெரியும். என்னோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளையின் தாய்க்குத் தெரியும். அநேகமாக அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பதினைந்து வருட நினைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் இது எழுதியிருந்தது. பெரியம்மாவின் எட்டாம் நாள் செலவன்று, வந்த பெண்கள் கூடப்பிறந்த தங்கையான அம்மாவை விட்டுவிட்டு ஏன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்? ஊரில் ஒப்பாரிக்குப் பேர்போன ஒரு கிழவி, பெத்த பிள்ளை என்று ஓர் அடியைத் தொடங்கியதும் அம்மம்மா ஏன் எட்டி அவர் கையைப் பிடித்தார்? அன்று எனக்கு அதெல்லாம் சாவீட்டுக் குழப்பம். இறந்தவர் ஒருவருக்கு அரசாங்கம் கொடுத்த 15,000 ரூபா ஈமச்செலவுப் பணத்துக்காக உறவினராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அம்மா, அந்தக் காசைக் கையில் வைத்திருக்க முடியாமல் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுததும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடல்கோளில் கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தையின் கதை 2005 தொடக்கத்தில் உலகமெங்கும் பேசப்பட்டது. பல பெற்றோர் உரிமை கோருவதாகச் செய்திகள் வந்தன. வழக்கு கல்முனை நீதிமன்றத்துக்குப் போய், பெப்ரவரி மாதம் மரபணுச் சோதனையில் பெற்றோர் யார் என்று உறுதியாகி, குழந்தை அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் வேறு பேச்சே இல்லை. என் வீட்டில் மட்டும் அந்தச் செய்தி தொடங்கினால் அம்மா எழுந்துபோய் றேடியோவை நிறுத்துவார். ஒருநாள் நான், "பெத்த தாய்க்குத் தன்ட பிள்ளையைத் தெரியாதா, அதுக்கு ஏன் சோதனை?" என்று கேட்டேன். வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பா வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போனார். அப்போது இருட்டியிருந்தது.

இவற்றை எல்லாம் கோர்த்து முடித்தபோது என்னால் அம்மா என்று கூப்பிட முடியாமல் போயிற்று. கோபத்தில் எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. அந்தச் சொல் தொண்டைக்கு வந்து நின்றுகொண்டது. தமிழ் பேசும் ஒரு வீட்டில் ஒருவரை முறை சொல்லாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அந்த இரண்டு மாதங்களில் அறிந்தேன். அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேசுவேன். வேறு அறையில் இருந்தால் தம்பியை அனுப்புவேன். "சோறு போடுங்க" என்பதற்குப் பதிலாக "பசிக்குது" என்பேன். அவர் அதைக் கவனித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கவனித்திருக்கிறார். நான் கடைசியாக அப்படிக் கூப்பிட்டது எந்த நாள், எதற்காக என்பது கூட அவருக்கு நினைவிருந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு தம்பி சொன்னான்.

படிப்பு விழுந்தது. கணிதத்துக்கு எண்பதுக்குக் குறையாமல் எடுத்துவந்தவள் நாற்பத்திரண்டு எடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, பெரியம்மாவின் பழைய கலியாணப் படத்தைப் பக்கத்தில் பிடித்து, மூக்கையும் காதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் படத்தில் பக்கத்தில் நின்ற ஆணின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அதுவரை படத்தின் அந்தப் பாதி சட்டத்துக்குப் பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. என் புருவம் அவருடையது. கடல்கோளுக்குப் பிறகு எங்கள் பாடசாலைக்கு உளவளத்துணையாளர்கள் வந்து, குடும்பத்தில் யாரை இழந்தீர்கள் என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். நான் உறவுமுறை என்ற இடத்தில் பெரியம்மா என்று எழுதிவிட்டு, தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைகள் இருந்த அந்த வகுப்பறையில், பெரிய இழப்பு ஒன்றும் எனக்கில்லை என்ற கூச்சத்தோடு இருந்தேன். ஓராண்டு கழித்து, எங்கேயாவது அந்தப் படிவம் இருந்தால் வாங்கி அந்த ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

ஒருநாள் பின்னேரம் 2004ஆம் ஆண்டுச் சீருடையை எடுத்தேன். அது எனக்குச் சிறிதாகிப் பெட்டியில் கிடந்தது. கீழ் விளிம்பைத் திருப்பி, தையலைக் குண்டூசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த துணி வெளியே வந்தது. வெளிப்புறம் துவைத்துத் துவைத்து மங்கிப்போயிருக்க, உள்மடிப்பு மட்டும் கடையில் இருந்து வந்த வெள்ளையாகவே இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு விரல். மறு பக்கத்திலும் இரண்டு விரல். அளந்து பார்க்க வைத்த விரலை எடுக்காமல் அப்படியே இருந்து அழுதேன். இறந்து பதினைந்து மாதமான ஒருவருக்காக ஒருத்தி புதிதாக அழுவதை ஊர் ஏற்றுக்கொள்ளாது. ஊருக்கு அந்தச் சாவு முடிந்துபோன சாவு. எனக்கு அது அன்றுதான் நடந்தது. அம்மா கதவடியில் வந்து நின்றுவிட்டு, உள்ளே வராமல் போனார். வந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். அவர் வராமல் போனதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மட்டக்களப்பில் சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களின் விரதம். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. சித்திரா பௌர்ணமியன்று கோயில்களில் சித்திரகுப்தரின் கதையைப் படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். தாய் உயிரோடு இருக்கும் பிள்ளை அந்த விரதத்தைப் பிடிப்பது கிடையாது. பிடித்தால் தாய்க்கு ஆகாது என்று சொல்லுவார்கள். அந்த ஆண்டுச் சித்திரை வர வர எனக்கு இதே எண்ணமாக இருந்தது. பிடிக்காவிட்டால் ஒருத்தியைத் தாயில்லை என்று ஆக்குகிறேன். பிடித்தால் மற்றவரை இறந்தவராக்குகிறேன். இதை எவரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பௌர்ணமியன்று விடிய முன், யாரோ அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தத்தில் விழித்தேன். அம்மா தலையில் முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, புதிய சட்டியில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் துருவி வைத்திருந்தது. என்னைக் கண்டதும், "முழுகிப் போட்டு வா மகள். பகல் ஒண்டும் சாப்பிடக்கூடா. கதை படிச்சி முடிஞ்சாப் பிறகுதான்" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். "உன்ட தாய்க்கு நீதானே பிடிக்கோணும். போன வருசமே பிடிச்சிருக்கோணும், நான்தான் விட்டுட்டன்" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

கோயிலுக்கு அவரோடுதான் போனேன். தாய்க்கு விரதம் பிடித்தவர்கள் இருக்கும் வரிசையில் என்னை இருத்திவிட்டு, சற்றுத் தள்ளி, தன் தாய் உயிரோடு இருப்பதால் அந்த வரிசையில் இருக்க முடியாத அவர், தூணோடு சாய்ந்து நின்றார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் என்னைக் கண்டு திடுக்கிட்டு, "தாய் இரிக்கத்தக்கனயா இந்தப் புள்ள விரதம் பிடிக்குது?" என்று அவரிடம் கேட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று எழுதினேன். தெரிந்தும் வாய் திறக்கக்கூடாது என்ற சத்தியத்தைப் பதினொரு ஆண்டு அவர்கள் காத்துவந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி. அம்மா எல்லோர் காதிலும் விழத்தக்கதாக, "அவள்ட தாய் நாவலடியில போயிட்டாதானே" என்று சொன்னார். வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்து, சற்று நகர்ந்து எனக்கு இடம்விட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் சப்பாத்துப் பட்டி அறுந்துவிட்டது. "அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் இப்போது ஓர் ஆசிரியை. அடையாள அட்டைப் படிவங்களை வாங்கிச் சரிபார்க்கும் வேலையும் எனக்கு வந்திருக்கிறது. சான்றிதழைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்கும் பிள்ளையும், பிள்ளையை விட்டுவிட்டுத் தானே வந்து நிற்கும் தாயும் அநேகமாக ஆண்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். போரும் கடலும் வெளிநாட்டு வேலையும் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் மடியில் வைத்துவிட்டுப் போன மாவட்டம் இது. எங்கள் ஊர்களில் இதற்குத் தத்து என்ற சொல் கூட வருவதில்லை. அக்காவின் பிள்ளையைத் தங்கை வளர்க்கிறாள், அவ்வளவுதான். தாய்வழிக் குடி பார்க்கும் எங்கள் வழக்கத்தில், அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குடியாகையால், கோயில் உரிமையிலும் கலியாண முறையிலும் என் நிலை ஓர் அணுவும் மாறவில்லை. 1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் போயிருந்தால் எனக்கு வேறு சான்றிதழ் கிடைத்திருக்கும்; அந்தச் சட்டம் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் சம்மதம் கேட்கச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கும் தகுதி உண்டென்று சட்டம் நினைக்கிறது. நான் அந்தத் தாய்மார்களிடம் அதைத்தான் சொல்கிறேன்: நான் இந்தத் தாளை மேசைக்குள் வைத்துக்கொள்கிறேன், ஆனால் இந்தக் கிழமைக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், பரீட்சை முடியட்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். சொல்ல வேண்டியவர் பரீட்சை முடியும்வரை இருப்பார் என்று என் வீட்டிலும் நினைத்தார்கள்.

தகப்பனுக்கு நான் ஆடி அமாவாசை பிடிப்பதில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் படிவத்தில் அவருடைய பெயரை எழுதி, முறைப்பாட்டாளரின் உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குத் தீர்த்தமாட ஊரே போகும் நாளில் நான் வீட்டில் இருப்பேன். பெரியம்மா அழிக்காத பொட்டை நான் எப்படி அழிப்பது?

சித்திரா பௌர்ணமி மட்டும் ஒரு முறையும் தவறியதில்லை. அம்மம்மா காலமான பிறகு அம்மாவும் அதே வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார். இப்போது அவருக்கு முழங்கால் வலி. நிலத்தில் இருந்து எழும்ப என் தோளைப் பிடித்துக்கொள்ளுவார். இந்த ஆண்டு கஞ்சி வாங்கிக்கொண்டு வரும்போது, ஏதோ நெடுநாளாகக் கணக்குப் பார்த்துவைத்தவர்போல, "எனக்கும் இதே நாள்தானே மகள். நான் போனாப் பிறகு உனக்கு வேற விரதம் ஒண்டும் தேவையில்ல" என்றார். கஞ்சிச் சிரட்டை சூடாக இருந்தது. நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.